எண் சரிபார்ப்புக் கருவிகளும் அவற்றின் விளக்கக் குறிப்புகளும்: ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

எண்கள் மொழிக்கு அப்பாற்பட்டவை என்னும் எண்ணம் மொழியியலாரிடையேயும் நிலவுகிறது. 347 என்பதைத் தமிழர் ஒருவிதமாகவும் டச்சுக்காரர் வேறுவிதமாகவும் வாசித்தாலும் அதன் மதிப்பு ஒன்றே என்பது உண்மைதான். ஆயின் ஓர் எண் பிழையின்றி எழுதப்பட்டுள்ளதா, அது இரட்டைப்படையா, பகா எண்ணா, அன்றி எண்தானா என்று சோதிக்கும் வழிமுறைகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வேறொருவர்க்கு எழுதிவைத்த வாக்கியத்தின் வழியாகவே வழக்கிற்கு வந்துள்ளன. அவ்வாக்கியத்தைப் படிப்பவர் ஒரு காலத்தில் கணக்கு பயிலும் மாணாக்கர். பின்னர் கிடங்கு எழுத்தர். அதன் பின்னர் நிரலாளர். அண்மைக் காலத்தில் படிப்பவர் வரிசையில் செயற்கை நுண்ணறிவு முகவரும் சேர்ந்துள்ளது.

முகவர் என்னும் சொல் இங்கு, ஒரு பணியை இயற்கை மொழியிலேயே பெற்று, அதனை முடிக்க எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்பதை மொழிமாதிரி ஒன்றின் துணையால் தானே முடிவு செய்யும் நிரலைக் குறிக்கிறது. கருவி என்பது ஓர் உள்ளீட்டை ஏற்று ஒரு விடையைத் தரும் சிறு செயற்கூறு. இக்கருவிகளுள் மிக எளியவை எண் சரிபார்ப்புக் கருவிகள். எளியவை ஆதலால் அவற்றுக்கு விளக்கக் குறிப்பு ஒரு வரி போதும் என்று கருதப்படுவது வழக்கம். அந்த ஒரு வரியின் வரலாற்றை இக்கட்டுரை காண முற்படுகிறது. அவ்வரலாற்றில் திரும்பத் திரும்ப விடுபட்டுப் போனது ஒன்று உண்டு. சோதனை தரும் 'ஆம்' என்னும் விடை எதற்கு உறுதியளிக்கவில்லை என்பதே அது.

1. ஒன்பதும் பதினொன்றும்

பெருக்கல், வகுத்தல் முதலியவற்றின் விடையை ஒன்பதால் வகுத்த மீதியைக் கொண்டு சோதிக்கும் முறை இந்தியக் கணித நூல்களில் தொன்மையானது. 10ஆம் நூற்றாண்டினர் எனப் பொதுவாகக் கருதப்படும் இரண்டாம் ஆரியபட்டரின் மகாசித்தாந்தம் இதற்கான விதியைக் கூறுகிறது. 1356இல் இயற்றப்பட்ட நாராயண பண்டிதரின் கணித கௌமுதி, ஒன்பது என்றில்லாமல் விரும்பிய எந்த எண்ணாலும் இச்சோதனையைச் செய்யலாம் என விதியைப் பொதுமைப்படுத்துகிறது. ஐரோப்பாவில் 1202இல் பிபோனாச்சி எழுதிய லீபர் அபாசி என்னும் நூல் ஒன்பதோடு ஏழு, பதினொன்று முதலிய எண்களையும் சோதனைக்குப் பயன்படுத்துகிறது.

முறை எளிது. 347ஐ 26ஆல் பெருக்க 9022 வருகிறது. 347இன் இலக்கங்களைக் கூட்ட 14, மீண்டும் கூட்ட 5. அவ்வாறே 26இலிருந்து 8. ஐந்தும் எட்டும் பெருக்க 40, அதனைக் கூட்ட 4. விடையாகிய 9022இன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 13, அதிலிருந்தும் 4. எனவே பொருத்தம் உண்டு. ஆனால் எழுதுபவர் கைதவறி 9202 என்று எழுதியிருந்தாலும் இதே 4 தான் வரும். இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. ஒன்பதால் செய்யும் சோதனை, கணக்கு தவறு என்பதை நிறுவ வல்லது; கணக்கு சரி என்பதை நிறுவ வல்லதன்று.

பதினொன்றால் செய்யும் சோதனை இக்குறையை ஓரளவு நீக்குகிறது. இலக்கங்களை வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் பார்த்தால் 347க்கு 6, 26க்கு 4. பெருக்கினால் 24, பதினொன்றால் வகுத்த மீதி 2. 9022க்கும் மீதி 2 தான். 9202க்கோ மீதி 6. பிழை பிடிபட்டு விடுகிறது. இவ்வளவு பயனுடைய முறை ஒன்பதின் முறையைப் போலப் பரவாமைக்குக் காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒன்பதின் விதியை 'இலக்கங்களைக் கூட்டுக' என்ற இரு சொற்களில் சொல்லிவிடலாம். பதினொன்றின் விதிக்கு எங்கிருந்து தொடங்குவது, எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது, எதிர்ம மீதி வந்தால் என்ன செய்வது என நான்கு வாக்கியங்கள் தேவை. சோதனை முறைகள் தமக்குள் போட்டியிட்டபோது வலிமை மட்டுமன்றி வாக்கியச் சுருக்கமும் வெற்றியை முடிவு செய்திருக்கிறது.

2. எக்ஸ் என்னும் இலக்கம்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோதனை கணக்கின் விடையிலிருந்து எண்ணுக்குள்ளேயே இடம்பெயர்ந்தது. எண்ணின் இறுதியில் சோதனை இலக்கம் ஒன்றைச் சேர்த்து, எண்ணே தன்னைச் சரிபார்த்துக் கொள்ளும்படி செய்வது புதிய முறை. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் விண்ணப்பித்து 1960இல் பெற்ற காப்புரிமை இவ்வகையில் பெயர்பெற்றது. அதில் விவரிக்கப்படுவது கையில் பிடித்துச் சுழற்றும் ஒரு பொறி. அதன் தலைப்பில் கம்ப்யூட்டர் என்னும் சொல் அப்பொறியையே குறித்தது என்பது சொற்பொருள் வரலாற்றில் ஆர்வமுடையோர் நோக்கத்தக்கது. லூனின் முறை ஓர் இலக்கம் மாறினால் தவறாது கண்டுபிடிக்கும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் கண்டுபிடிக்கும். 09 என்பது 90 ஆனால் மட்டும் ஏமாந்து போகும்.

நூலுலகம் பதினொன்றைத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனில் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனத்தின் தேவைக்காக 1960களின் நடுவில் கார்டன் ஃபாஸ்டர் வகுத்த ஒன்பது இலக்கப் புத்தக எண் 1970இல் பத்து இலக்கங்களுடன் பன்னாட்டுத் தரப் புத்தக எண் ஆயிற்று. பதினொன்றால் வகுத்தால் மீதி 0 முதல் 10 வரை வரும். பத்து என்பதற்கு ஒற்றை இலக்கம் இல்லை. எனவே உரோமானியர் பத்தைக் குறித்த எக்ஸ் என்னும் எழுத்து இறுதி இலக்கமாக வைக்கப்பட்டது. இந்தோ-அரபு இலக்கங்களின் வரிசையில் உரோமன் எண்குறி ஒன்று வந்து அமர்ந்த இந்நிகழ்ச்சி எழுத்தியல் வரலாற்றில் அரியது.

அதன் விளைவுகளும் எழுத்தியல் சார்ந்தனவே. 'எண்' என்று பெயரிடப்பட்ட ஒன்றில் எழுத்து வரும் என்பதை எதிர்பாராத தரவுத்தளப் புலம் அதனை ஏற்காது. அதனை ஏற்கும் புலமோ முதலில் நிற்கும் சுழியைக் காப்பாற்ற வேண்டும். எண்ணாகக் கொண்டால் 0306 என்பதும் 306 என்பதும் ஒன்றே; குறியீட்டுத் தொடராகக் கொண்டால் அவை வேறு. புத்தக எண் என்பது உண்மையில் எண்ணன்று, இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். அதற்கு 'எண்' எனப் பெயரிட்டது அதனைக் கையாள்வோர் அனைவரையும் ஓரளவு தவறான வழியில் செலுத்தியுள்ளது.

2007ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் புத்தக எண் பதின்மூன்று இலக்கங்களாக நீண்டது. பத்தால் வகுக்கும் முறை வந்ததால் எக்ஸ் நீங்கிற்று. அத்துடன் ஒரு காவலும் நீங்கிற்று: அடுத்தடுத்து நிற்கும் 1, 6 போன்று ஐந்து வேறுபாடுடைய இரு இலக்கங்கள் இடம் மாறினால் புதிய முறை அதனைக் காணாது. எழுத்து வடிவம் சீர்பட்டதற்குச் சோதனையின் கூர்மை விலையாயிற்று.

3. செவிப்பிழை

மொழியியலார்க்கு இவ்வரலாற்றில் மிக நெருக்கமானது டச்சுக் கணித அறிஞர் யாக்கோபஸ் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்ட ஆய்வு. சோதனை முறையை வகுப்பதற்கு முன்னர் மனிதர் உண்மையில் எவ்வகைப் பிழைகளைச் செய்கின்றனர் என்று அவர் நெதர்லாந்தின் அஞ்சல்துறைத் தரவுகளைக் கொண்டு வகைப்படுத்தினார். ஓர் இலக்கம் மாறுதல், அடுத்தடுத்தவை இடம் மாறுதல், இரட்டித்து நிற்கும் இலக்கம் வேறொன்றாக இரட்டித்தல் முதலியவற்றோடு ஒலிசார் பிழை என்பதனையும் தனி வகையாக வைத்தார். 13க்கும் 30க்கும் இடையே, 14க்கும் 40க்கும் இடையே நிகழும் மயக்கம் அது. டச்சு மொழியில் தெர்தீன், தெர்திக் என அவை ஒலிக்கும். ஆங்கிலத்திலும் இம்மயக்கம் உண்டு.

இவ்வகைப்பாடு கணிதத்தைச் சேர்ந்ததன்று. ஜெர்மானிய மொழிகளின் எண்ணுப்பெயர் அமைப்பைச் சேர்ந்தது. தமிழில் பதின்மூன்றும் முப்பதும் செவியில் மயங்குவதற்கு இடமில்லை. தமிழில் மயங்கக்கூடியவை வேறு: எழுபது, எண்பது, எழுநூறு, எண்ணூறு. தொண்ணூறு என்பது நூறின் பெயரையும் தொள்ளாயிரம் என்பது ஆயிரத்தின் பெயரையும் தம்முள் கொண்டிருப்பதால், மொழியைப் புதிதாகக் கற்போர் ஓர் இடமதிப்பு பிசகுவதும் உண்டு. இந்தியில் 79ஐக் குறிக்கும் உனாசியும் 89ஐக் குறிக்கும் நவாசியும் நெருங்கிய ஒலியுடையன. டச்சு, ஜெர்மன், இந்தி ஆகியவற்றில் ஒன்றின் இடம் முன்னும் பத்தின் இடம் பின்னும் ஒலிக்கப்படுவதால் 24ஐக் கேட்டு 42 என எழுதும் வாய்ப்பு உண்டு. தமிழில் பேச்சு வரிசையும் எழுத்து வரிசையும் ஒன்றே. பிழைகளின் பட்டியல் ஒன்றை மொழிதோறும் தொகுத்திருந்தால் சோதனை முறைகளும் மொழிதோறும் சற்றே வேறுபட்டிருக்கக்கூடும்.

வெர்ஹூஃபின் முறை எக்ஸ் போன்ற அயல் குறி இன்றியே பத்து இலக்கங்களுக்குள் நின்று, ஓரிலக்கப் பிழை அனைத்தையும் அடுத்தடுத்த இடமாற்றம் அனைத்தையும் காண வல்லது. 2010 செப்டம்பரில் வழங்கத் தொடங்கப்பட்ட ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம் இம்முறையால் கணிக்கப்படுவது. அஞ்சல் எழுத்தரின் செவியை முன்னிட்டு நெதர்லாந்தில் ஆராயப்பட்ட முறை இந்தியாவின் எல்லா மொழியினரும் சொல்லும் எண்ணுக்குக் காவலாயிற்று. தமிழ்நாட்டில் அவ்வெண்ணைப் பலரும் ஆங்கிலத்தில்தான் ஒப்புவிக்கின்றனர். இரட்டித்த இலக்கத்தை 'டபுள் த்ரீ' என்பதும் வழக்கம். எனவே டச்சுக்காரரின் பிழைகள் ஆங்கிலத்தின் வழியாக இங்கும் வந்து சேர்கின்றன என்பது ஒரு புறச்செய்தி.

4. கையேட்டில் ஒரு பகுதி

கருவி நிரலாக மாறியபோது விளக்கக் குறிப்பு தனக்கென ஒரு வடிவத்தைப் பெற்றது. 1971 நவம்பர் 3ஆம் நாளிட்ட யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பில் ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்பாட்டுச் சுருக்கம், விளக்கம் முதலிய தலைப்புகள் அமைந்தன. அவற்றுள் ஒன்று 'பிழைகள்' என்பது. கருவி செய்யாதது எது, எங்கே தவறும் என்பதனை அக்கருவியை ஆக்கியோரே அதன் விளக்கத்துக்குள் எழுதி வைத்தனர். முன்னர்க் கூறிய விடுபட்ட வாக்கியத்திற்கு இடம் ஒதுக்கிய வடிவம் இது. பிற்காலத்து விளக்கக் குறிப்புகள் பலவற்றில் இத்தலைப்பு காணாமற்போனது ஓர் இழப்பே.

லிஸ்ப் மொழியினர் சோதனைச் செயற்கூறுகளின் பெயர் இறுதியில் 'பி' என்னும் எழுத்தைச் சேர்த்தனர். ஸ்கீம் மொழியினர் வினாக்குறியைச் சேர்த்தனர். தமிழின் ஆகார வினா விகுதியோடு ஒப்பிடத்தக்கது இது: இரட்டைப்படையா, சுழியா, எண்ணா. ஆனால் ஒரே வினாவுக்கு மொழிகள் வேறு விடை தருகின்றன. 3.0 என்பது முழு எண்ணா என்றால் ஸ்கீம் ஆம் என்கிறது. காமன் லிஸ்ப் இல்லை என்கிறது. முன்னது மதிப்பைப் பார்க்கிறது, பின்னது வகையைப் பார்க்கிறது. பெயர் மட்டும் படிப்பவர்க்கு இவ்வேறுபாடு தெரிய வழியில்லை.

பைத்தான் மொழியில் இச்சிக்கல் தமிழ் எழுத்துகளையே தொடுகிறது. குறியீட்டுத் தொடர் ஒன்று எண்ணாலானதா என்று கேட்க அம்மொழியில் இஸ்டெசிமல், இஸ்டிஜிட், இஸ்நியூமெரிக் என மூன்று வினாக்கள் உள்ளன. ௧௨ என்னும் தொடருக்கு மூன்றும் ஆம் என்கின்றன. அதனை முழு எண்ணாக மாற்றினால் 12 கிடைக்கிறது. ௰௨ என்பது தமிழ் மரபில் பன்னிரண்டை எழுதும் முறை. ௰ யூனிகோடில் பத்து என்னும் மதிப்புடைய குறியாக உள்ளதேயன்றி இடமதிப்பு முறைக்குரிய இலக்கமாக இல்லை. எனவே இஸ்நியூமெரிக் மட்டுமே ஆம் என்கிறது. மாற்ற முயன்றால் பிழைச்செய்தி எழுகிறது. தமிழுக்குரிய சுழியாகிய ௦ யூனிகோடின் 4.1ஆம் பதிப்பில், 2005இல்தான், சேர்ந்தது. முந்திரி எனப்படும் 1/320 முதலிய கீழ்வாய் எண்கள் 2019இல் 12.0ஆம் பதிப்பில் இடம்பெற்றன. 'எண்ணா எனச் சோதிக்கும்' என்னும் ஒருவரிக் குறிப்பு, இவற்றுள் எதை எண் என்று கொள்கிறது என்று சொல்வதில்லை.

தமிழ்ச் சொற்களும் இங்கு உதவியும் இடையூறும் ஆகின்றன. இலக்கம், எண், எண்குறி ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருளுக்கு வாய்ப்பானவை. ஆயின் இலங்கைத் தமிழில் தொலைபேசி இலக்கம் என்னும்போது இலக்கம் முழு எண்ணையும் குறிக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் பகா எண் என்பதை இலங்கைப் பாடநூல் முதன்மை எண் என்கிறது. இரு நாட்டார்க்கும் பயன்படும் குறிப்பை எழுதுபவர் இரண்டையும் தர வேண்டியவராகிறார்.

5. படிப்பவர் மாறிய காலம்

மொழிமாதிரிகள் எண்ணைக் கணிப்பதில்லை. எண்ணை எழுதிய தொடரைத் தொடர்கின்றன. எண் ஒன்று அவற்றின் உள்ளே இலக்கம் இலக்கமாக அன்றி, பெரும்பாலும் இரண்டு மூன்று இலக்கங்கள் சேர்ந்த துண்டுகளாகச் சென்று சேர்கிறது. 2024 சூலையில் 9.11, 9.9 ஆகியவற்றுள் பெரியது எது என்னும் வினாவுக்குப் பல மாதிரிகள் 9.11 என விடையளித்தமை பரவலாகப் பேசப்பட்டது. இதனை அறியாமை எனத் தள்ளிவிடுதல் எளிது. மென்பொருள் பதிப்பு எண்களிலும் நூற்பிரிவு எண்களிலும் 9.9க்குப் பின்னரே 9.11 வருகிறது என்பதை நினைவிற்கொண்டால், ஒரே எண்குறி இரு மரபுகளில் இரு வரிசை பெறுவதால் எழுந்த மயக்கமாக அதனை விளங்கிக்கொள்ளவும் கூடும்.

இக்குறையை ஈடுசெய்யும் வழியாக 2021 முதலே ஆய்வாளர்கள் மாதிரிகளுக்குக் கணிப்பானைத் துணையாக்கினர். 2023 பிப்ரவரியில் வெளிவந்த டூல்ஃபார்மர் ஆய்வு, கருவியை எப்போது அழைப்பது என்பதை மாதிரியே கற்கும் முறையைக் காட்டியது. 2023 சூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் அறிமுகப்படுத்திய செயற்கூறு அழைப்பு முறையில் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், இயற்கை மொழியிலான விளக்கம், உள்ளீடுகளின் வடிவம் ஆகியவை மாதிரிக்குத் தரப்பட்டன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, மாதிரிகளையும் கருவிகளையும் இணைக்கும் பொதுநெறியும் இவ்வகை விளக்கத்தையே அடிப்படையாகக் கொண்டது.

இங்கு நிகழ்ந்த மாற்றம் பெரிது. நிரலாளர் விளக்கத்தில் ஐயம் எழுந்தால் நிரலைத் திறந்து பார்ப்பார். முகவர்க்குப் பொதுவாக நிரல் காட்டப்படுவதில்லை. விளக்கக் குறிப்பு கருவியைப் பற்றிய உரையாக இருந்த நிலை மாறி, முகவரைப் பொறுத்தவரை அதுவே கருவியாகிவிட்டது. நூலின்றி உரை மட்டும் எஞ்சிய நிலைக்கு ஒப்பிடலாம்.

மற்றொன்று ஏவல் பற்றியது. பைத்தான் மொழிக்கென 2001இல் எழுதப்பட்ட மரபுக்குறிப்பு, செயற்கூற்றின் விளக்கம் 'தருகிறது' எனக் கூற்றாக அமையாது, 'தருக' என ஏவலாக அமைய வேண்டும் என்கிறது. அக்காலத்தில் அவ்வேவல் யாரை நோக்கியது என்று எவரும் கேட்கவில்லை. படித்த நிரலாளர் எவரும் அதனைத் தமக்கிட்ட கட்டளையாகக் கொள்ளவும் இல்லை. முகவரோ ஏவலை நிறைவேற்றவே பயிற்றப்பட்டது. 2025 ஏப்ரலில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டிய எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்குகிறது. இரு எண்களைக் கூட்டும் கருவி ஒன்றே அவர்கள் எடுத்துக்கொண்டது. அதன் விளக்கத்தில், கூட்டுவதற்கு முன்னர்ப் பயனரின் கணினியிலுள்ள மறைவான கோப்பு ஒன்றைப் படித்து அதன் உள்ளடக்கத்தையும் உடன் அனுப்புமாறு சில வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. முகவர் அவ்வாறே செய்தது. கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. ஆஸ்டின் 1962இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்த, சொல்லுதலே செயலாகும் நிலை, இங்கு அவர் எண்ணியிராத இடத்தில் வந்து நிற்கிறது. எண் கருவிகளின் விளக்கத்தை ஏவலில் அன்றிக் கூற்று வாக்கியங்களில் எழுதுவது, பழைய மரபுக்கு மாறானதேனும், முகவர்க்குப் பொருத்தமானது.

6. அன்றும் இல்லையும்

இரட்டைப்படைச் சோதனை ஒன்றுக்குப் பொதுவாகக் காணப்படும் குறிப்பு இவ்வாறு அமையும்: 'எண் இரட்டைப்படையாயின் ஆம், இன்றேல் இல்லை.' இதில் 2.5ஐ இட்டால் என்ன ஆகும்? இல்லை என்று விடை வரும். அதனைப் பெற்ற முகவர், இரட்டைப்படை அன்று எனவே ஒற்றைப்படை என்று முடிவு கட்டும். ஸ்ட்ராசன் 1950இல் விளக்கிய முற்கோள் வழு இதுவே: வினாவின் முற்கோள் பொய்யாகும்போது ஆம் என்பதும் இல்லை என்பதும் ஒருங்கே பொருந்தா. முழு எண் அல்லாதது இரட்டையும் அன்று, ஒற்றையும் அன்று. எனவே கருவிக்கு மூன்றாவது விடை ஒன்று வேண்டும். அது உண்டென்பதைக் குறிப்பு சொல்லவும் வேண்டும்.

சுழி மற்றோர் எடுத்துக்காட்டு. 2016 சனவரியில் தில்லியில் கார்களை ஒற்றை, இரட்டைப்படை நாள்களில் மாற்றி மாற்றி இயக்கும் முறை வந்தபோது, பதிவெண்ணின் இறுதி இலக்கம் 1, 3, 5, 7, 9 எனவும் 0, 2, 4, 6, 8 எனவும் எண்ணிக் காட்டப்பட்டது. இலக்கணமாக வரையறுப்பதை விட இவ்வாறு எண்ணிக் காட்டுதல் சாலையில் நிற்கும் காவலர்க்கும் ஓட்டுநர்க்கும் ஏற்றது. முகவர்க்கான குறிப்பிலும் 'சுழி இரட்டைப்படையாகக் கொள்ளப்படும்' என்னும் மூன்று சொற்கள் வீணாவதில்லை.

மறுப்பை மொழிபெயர்ப்பதில் தமிழ் ஒரு வாய்ப்பைத் தருகிறது. ஆங்கிலம் ஒரே மறுப்பால் உணர்த்துவதை எழுத்துத் தமிழ் அன்று எனவும் இல்லை எனவும் பிரிக்கிறது. முன்னது தன்மையை மறுப்பது, பின்னது இருப்பை மறுப்பது. 1985ஆம் ஆண்டின் மிதவைப்புள்ளித் தரம் வகுத்த, எண்ணாகாத விடையைக் குறிக்கும் சிறப்பு மதிப்பு 'எண் அன்று' எனப்பட வேண்டுவது. மதிப்பு எதுவும் தரப்படாத நிலை 'எண் இல்லை' எனப்பட வேண்டுவது. பேச்சுத் தமிழில் இரண்டும் இல்லை என ஒன்றாகிவிட்டமையால், கருவிக் குறிப்புகளை எழுதுவோர் பேச்சு நடையைப் பின்பற்றின் இவ்வேறுபாடு மறையும். எளிமைக்காகப் பேச்சு நடையை வேண்டுவோர் பலர். இந்த ஓரிடத்தில் அவர்கள் வேண்டுகோள் ஏற்கத்தக்கதன்று.

7. 'செல்லும்' என்னும் சொல்

ஆதார் எண்ணின் சோதனை இலக்கத்தைப் பார்க்கும் கருவி தரும் உடன்பாட்டு விடையை ஆங்கிலத்தில் 'வேலிட்' என்பர். இச்சொல் வடிவப் பொருத்தத்தையும் குறிக்கும், சட்டப்படி நடைமுறையில் இருப்பதையும் குறிக்கும். தமிழில் அதற்கு இணையாக எழுதப்படும் செல்லும், செல்லுபடியாகும், செல்லத்தக்கது ஆகியவை பின்னதை மட்டுமே குறிப்பன. செல்லாத காசு, செல்லாத வாக்கு என்னும் வழக்குகளை அறிந்த தமிழர்க்கு 'இந்த எண் செல்லும்' என்பது அரசின் ஒப்புதலாகவே கேட்கும்.

உண்மை நிலை யாது? ஆதார் எண்ணின் முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக வருவதில்லை. இறுதி இலக்கம் முந்தைய பதினொன்றால் உறுதியாகிவிடுகிறது. எனவே சோதனையில் தேறக்கூடிய எண்கள் 8,000 கோடி. இந்திய மக்கள் தொகை ஏறத்தாழ 140 கோடி. சோதனையில் தேறும் எண்களுள் மிகப் பெரும்பான்மை எவருக்கும் உரியன அல்ல. ஓய்வூதியமோ உதவித்தொகையோ வேண்டி விண்ணப்பிக்கும் ஒருவர்க்கு முகவர் ஒன்று 'உங்கள் எண் செல்லும்' என்று விடை தருமாயின் அவர் மன அமைதியோடு காத்திருப்பார். அவர் தந்தது இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்து, வேறொருவர் எண்ணாகவோ எவர்க்கும் உரியதல்லாத எண்ணாகவோ மாறிய தொடராக இருக்கலாம். கருவி பிழை செய்யவில்லை. முகவரும் விடையைத் திரிக்கவில்லை. மொழிபெயர்ப்புச் சொல் ஒன்று கருவி கூறாததைக் கூறிவிட்டது.

இக்கருவிக்குத் தமிழில் எழுதத்தக்க குறிப்பு ஏறக்குறையப் பின்வருமாறு அமையலாம்:

'இக்கருவி பன்னிரண்டு இலக்கத் தொடர் ஒன்றை எழுத்துத் தொடராக ஏற்கிறது. 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களைத் தவிரப் பிற குறிகளை ஏற்பதில்லை. இடைவெளிகள் நீக்கப்பட்ட பின்னரே சோதனை நிகழ்கிறது. விடைகள் மூன்று: அமைப்பு பொருந்துகிறது, அமைப்பு பொருந்தவில்லை, தரப்பட்டது சோதிக்கத்தக்க தொடர் அன்று. பொருந்தவில்லை என்னும் விடை, எண்ணை எழுதியதில் பிழை உண்டு என்பதை உறுதியாகக் காட்டுகிறது. பொருந்துகிறது என்னும் விடை, அவ்வெண் எவர்க்கேனும் வழங்கப்பட்டது என்பதையோ, இவர்க்கு உரியது என்பதையோ, இன்று நடைமுறையில் உள்ளது என்பதையோ காட்டுவதில்லை. பயனரிடம் விடையைத் தெரிவிக்கும் இடத்திலும் செல்லும் என்னும் சொல் இவ்விடைக்குப் பொருந்தாது.'

இதன் ஆங்கில மூலமாகத் தரப்படுவது பெரும்பாலும் ஆறேழு சொற்களாலான ஒரு வரி. மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இல்லாதவற்றைச் சேர்ப்பதாகக் குறை கூறுவோர் இருக்கலாம். மகாசித்தாந்தத்தின் விதிக்கு உரை எழுதுவோரிடம் எவரும் இக்குறையைக் கூறியதில்லை.